உதவி தேவை: பழைய புல்லட்டின் முன் ஃபோர்க் பைப் எங்கே கிடைக்கும்?

ஆலமரத்தடி:
அனைவருக்கும் வணக்கம். என்னிடமுள்ள பழைய புல்லட்டின் முன் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) எண்ணெய் ஒழுகுகிறது. எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை மூன்று முறை மாற்றிவிட்டேன். மாற்றிய இரண்டாவது வாரமே மறுபடியும் ஒழுகத் தொடங்கிவிடுகிறது. ஃபோர்க் பைப்பையே மாற்றிவிடச் சொல்கிறார் மெக்கானிக். ஒரிஜினல் பைப் எங்கே கிடைக்கும், என்ன விலை ஆகும் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே சொல்லுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி ஓடியாக வேண்டும்.

மேட்டுத்தெரு:
வணக்கம் நண்பரே. எந்த ஆண்டு வண்டி, 350-ஆ 500-ஆ, முன் சக்கரம் டிரம்மா டிஸ்க்கா, ஒழுகுவது ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா? இவற்றில் ஒன்றையும் நீங்கள் எழுதவில்லையே. பழைய புல்லட் என்று சொன்னால் 1960-களின் வண்டியும் அதுதான், 2008-ஆம் ஆண்டு வண்டியும் இப்போது அதுதான்.

ஒற்றை உருளை:
ஆண்டு எதுவாக இருந்தாலும் காரணம் ஒன்றுதான்: எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றியிருப்பார்கள். ஃபோர்க்குக்குள் எண்ணெய்க்கு மேலே காற்றுக்கு இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தையும் எண்ணெயால் நிரப்பிவிட்டால், பள்ளத்தில் இறங்கும்போது அழுத்தம் முழுவதும் சீலின் உதட்டின் (பைப்பை ஒட்டும் விளிம்பு) மீதுதான் விழும். என் வண்டியில் பட்டறைக்காரர் மிச்சமிருந்த என்ஜின் ஆயிலைக் கண்ணளவில் ஊற்றினார். நான்கே நாளில் முன் டயர் வரை வழிந்துவிட்டது. அளவுக் குவளையால் அளந்து, இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஊற்றிப் பாருங்கள். பைப்புக்குச் செலவு செய்யவே வேண்டாம்.

வார்ப்பிரும்பு:
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது, பழைய இழைகளை யாரும் படிப்பதில்லை. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஃபோர்க்கின் அமைப்பு என்ன என்பது தெரியாமலேயே பலர் இந்த வண்டியை வாங்கிவிடுகிறார்கள். முதலில் பாகப் பட்டியல் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள் தம்பி, பிறகு கேள்வி கேளுங்கள்.

மேட்டுத்தெரு:
ஐயா, அவர் கேட்டது பைப். நீங்கள் கொடுத்தது வரலாறு.

ஆலமரத்தடி:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். ஆர்.சி. புத்தகத்தில் 1978 என்று இருக்கிறது. 350 தான், முன்னால் டிரம் பிரேக். 2011-இல் இரண்டாம் கையாக வாங்கினேன். எண்ணெய் சரியான அளவில்தான் ஊற்றியிருப்பதாக மெக்கானிக் சொல்கிறார்.

மேட்டுத்தெரு:
ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா?

லேத்பட்டறை:
கோவையில் லேத் வைத்திருப்பவன் நான். இந்த ஃபோர்க்குகள் மாதத்துக்கு இரண்டு மூன்றாவது என் மேசைக்கு வரும். வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

மூன்று சீல் அடுத்தடுத்துப் போயிருக்கிறது என்றால் குற்றம் சீலில் இல்லை, சீல் உரசும் பரப்பிலோ, பைப்பை நடுவில் நிறுத்தும் உலோக வளையமான புஷ்ஷிலோ இருக்கிறது. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பைப்பைத் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். சீல் ஏறி இறங்கும் இடத்தில் விரல் நகத்தை மேலிருந்து கீழாக மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத கடுகளவு துருக்குழியும் நகத்தில் தட்டும். அந்தக் குழி ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் சீலின் உதட்டை அரம் போல அறுத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்தது புஷ். பைப்பின் அடியில் ஒன்றும், பைப் ஏறி இறங்கும் கீழ் உறையான பாட்டத்தின் வாயில் ஒன்றுமாக இரண்டு இருக்கின்றன. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, பாட்டத்தின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது, பாட்டத்துக்கும் பைப்புக்கும் நடுவே ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பைப் நடுவில் நில்லாமல் ஒரு பக்கம் சாய்ந்தால் எந்தச் சீலும் தாங்காது.

மூன்றாவதாக, பைப்பை வெர்னியர் என்ற அளவுகருவியால் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, இரண்டு பைப்பின் அளவையும் இங்கே எழுதுங்கள். 35 மில்லிமீட்டரை ஒட்டி வர வேண்டும். கழற்றிய பிறகு வி பிளாக்கில் வைத்து டயல் கேஜால் பெண்டும் (வளைவும்) பார்த்துவிடலாம்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. இந்த வண்டியில் பைப்பின் மேல் முனை, ஹெட்லைட்டைத் தாங்கும் உறையான டூமுக்குள் மரையாக ஏறியிருக்கும். கீழே இரண்டு பைப்பையும் இணைக்கும் ஃபோர்க் டீயில் போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும். அந்த போல்ட்டைத் தளர்த்தாமல் பைப் ரெஞ்சைப் போட்டுத் திருகினால் டூமின் அலுமினிய மரை உதிர்ந்துவிடும். ஃபோர்க் பைப்புக்கு வந்தவர் டூமும் தேடும்படி ஆகும். எனக்கு அது வருமானம்தான், உங்களுக்குத்தான் வேண்டாம்.

கல்பாலம்:
ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்கான கோன் செட்டையும் பார்த்துவிடுங்கள். என் வண்டியில் ஃபோர்க் ஆட்டம் என்று நினைத்துப் பணம் செலவழித்தேன்; கடைசியில் தளர்ந்திருந்தது கோன் செட்.

லேத்பட்டறை:
கோன் செட் தளர்ந்தால் ஹேண்டில் ஆடும், பிரேக் பிடிக்கும்போது தட்டும். எண்ணெய் ஒழுகாது அண்ணா.

ஒற்றை உருளை:
என் யோசனையைச் சொல்கிறேன். 1978 வண்டிக்கு நல்ல பைப் தேடி அலைவதைவிட, பிந்தைய டிஸ்க் பிரேக் மாடலின் முழு ஃபோர்க் செட்டை வாங்கி மாட்டிவிடுங்கள். எண்ணெய்ப் பிரச்சினையும் தீரும், வண்டியும் நின்று பிடிக்கும். பழைய டிரம் பிரேக்கை நம்பி இன்றைய சாலையில் ஓட்டுவதே ஆபத்து.

வார்ப்பிரும்பு:
இதைப் படிக்கவே வேதனையாக இருக்கிறது. நேரடி ரெட்டிச் வம்சத்து வண்டியின் முகத்தை வெட்டி வேறு முகத்தை ஒட்டச் சொல்கிறீர்கள். 1994-இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்த பிறகு வந்த பாகங்களை 1978 வண்டியில் ஏற்றினால் அது என்ன வண்டி என்று சொல்வீர்கள்?

ஒற்றை உருளை:
ஓடுகிற வண்டி என்று சொல்வேன். கூடத்தில் நிறுத்தித் துடைத்து வைப்பவர்களுக்கு எண்ணெய் ஒழுகினாலும் கவலையில்லை, அடியில் ஒரு தட்டு வைத்தால் போதும்.

லேத்பட்டறை:
இருவரும் பொறுங்கள். டிஸ்க் ஃபோர்க்கின் பாட்டத்தில் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பருக்கான பிடிமானம் இருக்கும், டிரம்மின் பிரேக் பிளேட்டைத் தாங்கும் பிடி இருக்காது. ஆகவே ஃபோர்க்கை மாற்றினால் ஹப், ஆக்ஸில், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதாவது 19 அங்குல ரிம்மைத் தவிர முன்பக்கம் முழுவதும் புதிது. அவர் ஒரு பைப் கேட்டார். குழி ஆழமில்லை என்றால், பைப்பைக் கிரைண்டிங் செய்து, ஹார்டு குரோம் (கடினமான குரோம் முலாம்) ஏற்றி, மறுபடியும் அளவுக்குக் கிரைண்டிங் செய்தால் புதுப் பைப்பைவிட நன்றாக உழைக்கும்.

வார்ப்பிரும்பு:
ஹார்டு குரோம் செய்பவர்கள் எல்லோரும் ஒழுங்காகச் செய்வதில்லை. எனக்குச் செய்து கொடுத்தது ஒரே மழைக்காலத்தில் செதில் செதிலாக உரிந்தது.

லேத்பட்டறை:
துருவை முழுதாக எடுக்காமல் மேலே முலாம் ஏற்றினால் அப்படித்தான் உரியும். அழகுக்கு ஏற்றும் குரோம் வேறு, இது வேறு.

மேட்டுத்தெரு:
கேட்டவர் ஐந்து நாளாக வரவில்லை. வந்தால் தெரிந்துகொள்ளட்டும்: சென்னையில் என்றால் முதலில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கேளுங்கள், பிறகு பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. புதுப்பேட்டைக்கு வெர்னியர் இல்லாமல் போகாதீர்கள். டெல்லிப் பக்கம் ஆள் இருந்தால் கரோல்பாக்கில் புல்லட் பாகங்கள் நிறையக் கிடைக்கும். பைப்பை உருட்டிப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். சமமான கண்ணாடியின் மேல் உருட்டினால் பெண்டு உடனே தெரிந்துவிடும்.

ஆலமரத்தடி:
தாமதத்துக்கு மன்னிக்கவும். ஒழுகுவது வலது பக்கம் மட்டும்தான். அதைச் சொல்ல மறந்தே போய்விட்டேன். அளந்ததில் இடது பைப் 34.9, வலது பைப் 34.5. எனக்கு விற்றவரைத் தொலைபேசியில் பிடித்தேன். துருப் பிடித்திருந்ததால் வலது பைப்பை மட்டும் லேத்தில் கொடுத்துத் தேய்த்து வாங்கியதாகச் சொன்னார், குரோம் ஏற்றவில்லையாம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு ஜோடி பைப்பும் புஷ்ஷும் வாங்கிவிட்டேன், இன்னும் மாட்டவில்லை. நன்றி.

வார்ப்பிரும்பு:
பைப்பின் அளவைப் பார்க்கச் சொல்லி நான் முதலிலேயே சொன்னேன்.

மேட்டுத்தெரு:
எங்கே ஐயா சொன்னீர்கள்?

லேத்பட்டறை:
0.4 மில்லிமீட்டர் குறைந்த பைப்பில் எந்த நிறுவனத்தின் சீலும் நிற்காது. காரணம் தெரிந்தது நல்லது. மாட்டும்போது சீலின் சுருள்கம்பி தெரியும் முகம் எண்ணெய்ப் பக்கம் இருக்க வேண்டும், பைப்பின் மரை முனையில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிச் சீலை ஏற்றுங்கள், இல்லையென்றால் மரையே உதட்டைக் கிழித்துவிடும். புதுப் பைப்பாக இருந்தாலும் மாட்டும் முன் அளந்துவிடுங்கள். என்ன விலை ஆயிற்று?

கல்பாலம்:
பழைய இடது பைப்பை விற்பதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். என் வண்டியில் போனது இடது.