புதுப்பிப்பு: திருக்கோவில் ஆச்சியின் பராமரிப்பு விடயம்

வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்துவிட்டு, இப்போது அதே வளவின் பின்குசினியில் ஒதுங்கிக் கிடக்கும், அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊர் ஆச்சியைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். வீட்டை எழுதிக்கொடுத்த உறுதிப் பத்திரத்தை ரத்துச் செய்ய வழக்குப் போடும்படி பலர் சொன்னீர்கள். ஆச்சிக்கு அதில் விருப்பமில்லை. எங்கள் தொண்டர் குழு அந்தப் பேச்சை அத்துடன் விட்டுவிட்டது.

பதிலாக, 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பித்திருக்கிறோம். தன்னைப் பராமரிக்க வழியில்லாத முதியவர் பிள்ளைகளிடம் மாதாந்தப் பணம் கேட்க அச்சட்டம் இடமளிக்கிறது. மகளிடம் மட்டுமல்ல, எந்தப் பிள்ளையிடமும் கேட்கலாம். எல்லோரும் மகளையே திட்டினீர்கள். கட்டாரில் உழைக்கும் மகனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே!

விண்ணப்பத்தில் பெருவிரல் அடையாளம் வைக்கலாம் என்றதும் ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எட்டாம் வகுப்புப் படித்தவள், பிள்ளை" என்று பேனையை வாங்கிக் கையெழுத்திட்டார்.

முதியோர் கொடுப்பனவு வரும் வங்கி அட்டை மருமகனிடமிருந்து ஆச்சியின் கைக்கு வந்துவிட்டது. மகன் தொலைபேசியில் பேசினார். பணம் அனுப்புவதாகச் சொல்கிறார். விசாரணைத் திகதி வரும்வரை விண்ணப்பத்தை நாங்கள் மீளப் பெறப்போவதில்லை.