டீசல் பிக்கப், பிளாக் விரிசல்: அவசரம், யாராவது சொல்லுங்கள்

பிக்கப்பன்:
வணக்கம். என் டீசல் பிக்கப்பில் இன்ஜின் பிளாக் விரிந்துவிட்டது. தண்ணீர் ஊற்ற ஊற்ற இறங்குகிறது. மெக்கானிக் பிளாக்கையே மாற்றணும் என்கிறார். வெல்டு வைத்தால் நிற்குமா? திங்கட்கிழமை லோடு இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

நட்டுபோல்ட்டு:
எந்த இன்ஜின்? விரிசல் எந்த இடத்தில்? தண்ணீர் வெளியே சொட்டுகிறதா, ஆயிலில் கலக்கிறதா? டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தீர்களா?

புகைவிடு:
விரிசலாவது ஒன்றாவது. பிளாக்குக்கும் அதன்மேல் மூடியிருக்கிற ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். காலையில் ஆறின இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். உடனே குமிழி குமிழியாகப் பொங்கினால் கேஸ்கெட்தான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பழையபட்டறை:
இன்ஜின் பெயர் இல்லை, ஓடிய கிலோமீட்டர் இல்லை, "விரிந்துவிட்டது" என்று ஒரே வார்த்தை. டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வீர்களா? பிளாக் தானாக விரியாது. தண்ணீர் வற்றிச் சூடேறியிருக்கணும், உறைந்திருக்கணும், இல்லை கனெக்டிங் ராடு உள்ளேயிருந்து அடித்திருக்கணும். எது நடந்தது? இதைக் கேட்டே எனக்கு வயதாகிவிட்டது.

நட்டுபோல்ட்டு:
புகைவிடு அண்ணே, குமிழி வந்தால் கேஸ்கெட்டாக மட்டும்தான் இருக்கணும் என்று இல்லை. சிலிண்டர் சுவரோ ஹெட்டோ விரிந்தாலும் அதே குமிழிதான் வரும்.

பிக்கப்பன்:
மன்னிக்கணும், பட்டறையில் நின்றுகொண்டு அவசரத்தில் போட்டது. நாலு சிலிண்டர், 2.5 லிட்டர், டர்போ. தண்ணீர் வெளியேதான் சொட்டுகிறது, ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே. ஆயில் கறுப்பாகத்தான் இருக்கிறது. அப்புறம், போன வாரம் மலைமேல் மூன்று நாள் வண்டியை நிறுத்தியிருந்தேன். கடும் குளிர். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

நட்டுபோல்ட்டு:
இதை முதல் வரியிலேயே சொல்லக் கூடாதா! தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதம் பெருக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் மைனஸ் 35 டிகிரி வரை கவலையே இல்லை.

லேத்துக்காரர்:
தம்பி, வெளியே சொட்டுகிறது, தண்ணீர் கலந்து ஆயில் வெளுக்கவில்லை என்றால் பாதி தப்பித்த மாதிரி. வாட்டர் ஜாக்கெட், அதாவது சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற அறை, அதன் வெளிச்சுவர் தாங்குவது ரேடியேட்டர் மூடி பிடித்துவைக்கிற ஒரு பார் சுமாரான அழுத்தத்தைத்தான். சிலிண்டருக்குள் டீசல் எரியும்போது 100 பாரையும் தாண்டும். அதனால் வெளிச்சுவர் விரிசலைச் சரிபண்ணலாம். இரண்டு சிலிண்டருக்கு நடுவிலோ மெயின் பேரிங் உட்காரும் இடத்திலோ ஓடியிருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் சரி.

முதலில் விரிசல்தானா என்று பாருங்கள். ஸ்டார்ட்டரைக் கழற்றி, அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தின்னரால் துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸ் பொடியைப் பூசுங்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்ட் கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கிற அளவுக்கு மட்டும் காற்று ஏற்றிவிட்டுப் பொறுமையாக உட்காருங்கள். வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு மெல்லக் கறுத்துக்கொண்டு வரும். முடிபோல நெளிந்து ஓடினால் விரிசல். நேராகப் புடைத்து நிற்கிற கோடு வார்ப்படத் தழும்பு, அதைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. வட்டமாக நனைந்தால் வெல்ச் பிளக், பிளாக்கில் இருக்கிற ஓட்டையை அடைத்திருக்கும் வட்டத் தகடு.

வெல்டு வேண்டாம். வார்ப்பிரும்பில் கார்பன் அதிகம். சூடு பட்ட ஓரம் கண்ணாடிபோல இறுகி, வெல்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி விடும். பிளாக் முழுவதையும் சுடவைத்து, பிறகு மெதுவாக ஆறவிட வசதி உள்ளவர்கள் செய்யட்டும். நான் தைக்கத்தான் சொல்வேன். விரிசலின் இரண்டு முனையிலும் துளை போட்டு அதை நிறுத்திவிட்டு, வழிநெடுக மரை போட்ட பின்களை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறுகிற மாதிரி முறுக்கி இறக்கி, தலையை வெட்டித் தேய்த்துவிடுவார்கள். சூடே படாது. எதற்கும் பிளாக்கில் காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அலுமினியம், கதை வேறு.

ஓரம்போ:
இவ்வளவு எதற்கு? ரேடியேட்டரில் ஊற்றுகிற சீலர் ஒரு பாட்டில் போதும். என் வண்டி ஒரு வருடம் ஓடியது.

நட்டுபோல்ட்டு:
ஒரு வருடத்துக்கு அப்புறம்? ஹீட்டர் வேலை செய்கிறதா?

ஓரம்போ:
ஹீட்டர் அடைத்துக்கொண்டது. அது வேறு விஷயம்.

புகைவிடு:
உறைந்தது என்றால் வெல்ச் பிளக்தான் கழன்றிருக்கும். உறையும்போது பிதுங்கி வந்து பிளாக்கைக் காப்பாற்றத்தானே அதை வைத்திருக்கிறார்கள்? பிளக்கை மாற்றுங்கள், வேலை முடிந்தது.

பழையபட்டறை:
அதற்கு வைக்கவில்லை. பிளாக்கை வார்க்கும்போது உள்ளே இருக்கும் மணல் அச்சைத் தாங்கிப் பிடிக்கவும், பிறகு அந்த மணலைக் கொட்டி எடுக்கவும் விட்ட ஓட்டை அது. மூடத்தான் பிளக். உறையும்போது சில சமயம் பிதுங்கும், சில சமயம் அசையாமல் இருந்து பிளாக் விரியும்.

புகைவிடு:
நான் கண்ணால் பார்த்திருக்கிறேன் ஐயா. பிளக் வெளியே, பிளாக் பத்திரம்.

பழையபட்டறை:
தீப்பிடித்த வீட்டில் ஒருவன் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினான் என்பதற்காக ஜன்னல் தீயணைப்புக் கருவி ஆகிவிடாது.

புகைவிடு:
ஜன்னல் இல்லாவிட்டால் செத்திருப்பான் இல்லையா?

நட்டுபோல்ட்டு:
கேட்டவரை விட்டுவிட்டீர்களே. பிக்கப்பன், சோதித்தீர்களா?

பிக்கப்பன்:
சோதித்தாச்சு. விரிசல்தான், நாலு விரல் நீளம். பக்கத்தில் ஒரு வெல்ச் பிளக்கும் பிதுங்கியிருக்கிறது. தைக்கக் கொடுத்துவிட்டேன். லோடு வேறு வண்டியில் போனது. எல்லோருக்கும் நன்றி.

புகைவிடு:
பார்த்தீர்களா, பிளக் பிதுங்கியிருக்கிறது!

பழையபட்டறை:
பார்த்தீர்களா, பிதுங்கியும் விரிந்திருக்கிறது.

லேத்துக்காரர்:
தம்பி, பிளாக் உறைந்தால் ஹெட்டும் உறைந்திருக்கும். ஹெட்டையும் சோதிக்கச் சொன்னீர்களா?

லேத்துக்காரர்:
தம்பி?