இரைப்பையின் மூன்றாவது தசை அடுக்கு: படத்தில் எங்கே வரைவது?

கேள்வி:
குடலில் தசை இரண்டு அடுக்கு. உள்ளே வட்டத்தசை, வெளியே நீளவாட்டுத் தசை. இரைப்பையில் மட்டும் உள்பக்கம் சாய்வுத் தசை என்று மூன்றாவது அடுக்கும் உண்டு என்கிறது பாடம். மூன்றையும் இரைப்பை முழுக்கப் போடலாமா? உணவை அரைப்பது இந்தச் சாய்வுத் தசைதானா?

பதில் 1:
முழுக்கப் போடாதீர்கள். பல படங்களில் நடக்கும் தவறே அதுதான். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்துக்கு இடப்பக்கம் ஒரு கூர்மையான மடிப்பு இருக்கிறதல்லவா, அதன்மேல் சாய்வுத் தசை கவிழ்த்த லாடம் மாதிரி உட்கார்ந்திருக்கும். லாடத்தின் இரு கால்களும் முன்சுவரிலும் பின்சுவரிலும் கீழே இறங்கி விசிறியாக விரியும். சிறுவளைவின் (இரைப்பையின் வலப்பக்கக் குட்டையான ஓரம்) பக்கத்தில் இந்த இழைகள் கிடையாது. ஆன்ட்ரம் (இரைப்பையின் கீழ்க்கோடிப் பகுதி) நெருங்கும்போது மெலிந்து மறைந்துவிடும்.

நீளவாட்டுத் தசையும் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் இல்லை. சிறுவளைவு, பெருவளைவு (இடப்பக்க நீண்ட ஓரம்) இரண்டிலும் திரளாக, முன்பின் சுவர்களில் மெல்லிசாக வரையுங்கள். வட்டத்தசை மட்டும் இரைப்பையின் உடல்பகுதி முழுக்க வந்து, பைலோரஸில் (இரைப்பை சிறுகுடலுக்குத் திறக்கும் வாய்) தடித்துச் சுருக்குத்தசையாகிறது.

லாட இழைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அவை இறுகும்போது அந்த மடிப்பு மேலும் கூராகும். அமிலம் மேலே ஏறாமல் தடுப்பதில் அதற்கும் பங்குண்டு.

பதில் 2:
அரைப்பது ஆன்ட்ரம், அங்கே முக்கியம் வட்டத்தசை. பெருவளைவின் மேல்-நடுப் பகுதியில் நிமிடத்துக்கு சுமார் 3 அலை கிளம்பி, கீழே போகப்போக ஆழமாகும். அலை வந்து சேரும் முன்பே பைலோரஸ் ஏறக்குறைய மூடிக்கொள்ளும். 1-2 மில்லிமீட்டருக்குக் குறைந்த துகளும் நீரும் நழுவிப் போகும். பெரிய துண்டு மோதிப் பின்னால் எறியப்படும். அந்த மோதலும் பின்வீச்சும்தான் அரைவை.

ஃபண்டஸ் (இரைப்பையின் மேல் குவிந்த பகுதி) அரைக்காது, தளர்ந்து இடம் கொடுக்கும். காலி வயிற்றில் சுமார் 50 மில்லி கொள்ளும் பை ஒரு லிட்டருக்கு மேல் வாங்குவது இதனால்தான். இதை நடத்துவது மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு. அது துண்டிக்கப்பட்டால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். நீர் சீக்கிரம் இறங்கும், கெட்டி உணவு தங்கிவிடும். நீண்டநாள் நீரிழிவில் இந்த நரம்பு கெட்டாலும் கெட்டி உணவு தேங்கும்.

பதில் 3:
பைலோரஸின் வட்டத்தசை எவ்வளவு முக்கியம் என்று பார்க்கப் பச்சிளங்குழந்தைகளைச் சொல்லலாம். சிலருக்குப் பிறந்து 3 முதல் 6 வாரத்துக்குள் அந்தத் தசை மிகையாகத் தடித்துவிடும். குடித்த பால் பீய்ச்சி அடிக்கும். வாந்தியில் பச்சை நிறம் இருக்காது, ஏனென்றால் அடைப்பு பித்தம் வந்து சேரும் இடத்துக்கு மேலே. ஸ்கேனில் தசைத் தடிமன் 3 மில்லிமீட்டரைத் தாண்டும். அறுவையில் தசையை மட்டும் நீளவாக்கில் கீறிப் பிளப்பார்கள். உள்ளே உள்ள சளிச்சவ்வு வெட்டுப்படாமல் பிதுங்கி நிற்க வேண்டும். பச்சை வாந்தி வந்தால் அடைப்பு வேறிடம். அது அவசர நிலை, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.