ஆன்லைன்ல பழைய காசு வாங்கின முதல் அனுபவம், உங்களுக்கு எப்படி இருந்துச்சு?

கோத்தகிரி மூடுபனி

எட்டு மாசமாத்தான் காசு சேர்க்கிறேன். 1939 ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் எவ்வளவு அபூர்வம்னு இங்க யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்ல. ஒரு வாட்ஸ்அப் ஏலத்துல ராத்திரி பதினோரு மணிக்கு மேல வந்துச்சு, ஆரம்ப விலை 3,000, எனக்கு கையெல்லாம் நடுங்குது, கடைசியில 6,500-க்கு என் பேர்ல முடிஞ்சுது. வித்தவர் "புது கலெக்டரா சார், வாழ்த்துகள், நல்ல கைராசி உங்களுக்கு"ன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டார். அத அன்னைக்கு மூணு தடவ கேட்டேன்.

பார்சல் வந்த நாள் நல்ல மழை. கொரியர்காரர் டானிங்டன்லயே நின்னுட்டார், நான் நனைஞ்சுகிட்டே போய் வாங்கிட்டு வந்து நேரா அடுப்படில இருந்த அம்மிச்சி (பாட்டி) கையில கொடுத்தேன். அவங்க ஒண்ணும் பேசல. எந்திரிச்சுப் போய் கடுகு டப்பாக்குள்ள துணில முடிஞ்சு வச்சிருந்த ராணி காச எடுத்துட்டு வந்தாங்க, அவங்க அம்மா கொடுத்தது. ஒரு உள்ளங்கையில அது, இன்னொண்ணுல என்னுது, கண்ண மூடிட்டு ரெண்டு கையையும் மெதுவா ஏத்தி இறக்கிப் பாத்தாங்க. "இது ரூவா எடை இல்ல சாமி"ன்னாங்க.

அந்தக் காலத்துல ரூபாயே எடைக்கல்லு தான, ஒரு ரூபா எடைன்னா ஒரு தோலா, 11.66 கிராம். என் சின்ன தராசுல போட்டேன். 10.31.

இதோட நின்னிருந்தா இத எழுதியிருக்க மாட்டேன். தராசு தப்பா இருக்கும், நிறத்த வச்சு பாக்கலாம்னு எனக்கு ஒரு பிடிவாதம். அம்மிச்சி காசு கருத்துப் போயிருந்துச்சு, பக்கத்துல வச்சு ஒப்பிடணும்னு டூத்பேஸ்ட் போட்டு நல்லா தேய்ச்சுட்டேன். 1862 விக்டோரியா ராணி. கழுவிட்டு லைட்ல பாத்தா ராணி கன்னம் பூரா மெல்லிசா கீறல், பூ வேலைக்கு நடுவுல இருந்த அந்த சாம்பல் நிறம் சுத்தமா போச்சு. அம்மிச்சி வந்து பாத்துட்டு "ஏஞ்சாமி இப்படி வெளுத்துப் போச்சு"ன்னு மட்டும் கேட்டாங்க. அவங்க கேட்ட அந்தக் குரல்தான் இன்னும் காதுல இருக்கு. வித்தவர் நம்பர் அடுத்த நாளே ஸ்விட்ச் ஆஃப்.

மேல்குன்னூர் ரோஜா

படிச்சுட்டு மனசு கனமாயிடுச்சுங்க. என்னுது வேற மாதிரி.

அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு ஏதாவது வித்தியாசமா கொடுக்கணும்னு ஒரு செப்புக்காசு ஆன்லைன்ல எடுத்தேன், ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், இன்னொரு பக்கம் கிழக்கிந்திய கம்பெனி, 1818, அரை அணா. 2,200 ரூபாய். அழகா வெல்வெட் டப்பால வந்துச்சு. அப்பா கண்ணு கலங்கிட்டார். வெள்ளைக்காரனே ராமர போட்டு காசு அடிச்சிருக்கான் பாருன்னு வந்தவங்க எல்லார்கிட்டயும் காட்டினார்.

ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்ல. அவங்க ஊருக்கெல்லாம் ஒரே மாதிரி காசு அடிச்சதே 1835-லதான், ராமர் படம் போட்ட இந்த மாதிரி அரை அணா எல்லாம் கோயில் வாசல்ல விக்கிற டோக்கன் மாதிரி யாரோ பின்னாடி அடிச்சது. நான் சொல்லலாம்னு பூஜை ரூமுக்குப் போனேன். அப்பா குளிச்சுட்டு வந்து அந்தக் காசுக்கு சந்தனம் வச்சு குங்குமம் வச்சுகிட்டு இருந்தார். திரும்பி வந்துட்டேன். இப்ப ரெண்டு வருஷமாச்சு, தினமும் வைக்கிறார்.

அரவங்காடு 47

கோத்தகிரி தம்பி, வருத்தமாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணு சொல்லணும். 1939-ஐ 6,500-க்கு ஒருத்தர் தர்றார்னாலே நிறுத்தியிருக்கணும். நிஜமானது அந்த விலைக்கு வராது. அப்புறம் எடைய மட்டும் வச்சு முடிவு பண்றதும் தப்பு, அத ஒத்துக்க மாட்டேன். நல்ல 1938 காச எடுத்து கடைசி 8-ஐ சுரண்டி 9 ஆக்கிட்டா எடை 11.66 டாண்ணு நிக்கும், வெள்ளியும் நிஜ வெள்ளி, அம்மிச்சி கையே ஏமாந்து போகும்.

என் கதை சின்னது. 1947 ரூபாய் ஒண்ணு, பின்னாடி புலி போட்டது, சேலத்துல ஒரு வயசானவர்கிட்ட வாங்கினேன். காந்தம் வச்சேன், ஒட்டிகிச்சு. உடனே ஃபோன் போட்டு இரும்ப வித்து ஏமாத்துறீங்களான்னு கத்தினேன். அவர் "சரிங்க தம்பி, அனுப்பிடுங்க, பணம் தர்றேன்"னார், தந்துட்டார். நான் ரேட்டிங்கும் மோசமா போட்டேன். 1947-ல ரூபாய நிக்கல்ல அடிச்சாங்க, நிக்கல் காந்தத்துல ஒட்டத்தான் செய்யும்னு மூணு மாசம் கழிச்சுத்தான் படிச்சேன். அவர் நம்பர் இன்னும் ஃபோன்ல இருக்கு, கூப்பிடல.

அதனாலதான் சொல்றேன், புதுசா வர்றவங்க தயவுசெஞ்சு கேளுங்க. 1940-லருந்து 45 வரைக்கும் வந்த ரூபாய்ல பாதிதான் வெள்ளி, எடை அதே 11.66, அதனால எடை சரின்னு பழைய வெள்ளி விலை கொடுத்துடாதீங்க. போட்டோ கேக்கும்போது முன்பக்கம் பின்பக்கம் மட்டும் கேக்காதீங்க, ஓரத்த கேளுங்க. வார்த்து எடுத்த போலில ஓரத்துல சுத்திவர ஒரு தையல் மாதிரி கோடு இருக்கும், மேல பரப்புல லென்ஸ் வச்சா ஊசி குத்தின மாதிரி பொத்தல் தெரியும், எழுத்து விளிம்பு வழுக்கிப் போயிருக்கும். தராசுல வச்ச மாதிரியே ஒரு போட்டோ கேளுங்க, தர மாட்டேன்னா விட்டுடுங்க. காசுமாலைல கோத்து வளையத்த எடுத்துட்டு அந்த தழும்ப பாலிஷ் போட்டு மறைச்சிருப்பாங்க, பன்னெண்டு மணி இடத்துல உத்துப் பாருங்க. பார்சல் பிரிக்கிறத ஆரம்பத்துலருந்து வீடியோ எடுங்க. கிரேடிங் கம்பெனி தரம் பாத்து கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டப்பால சீல் வச்ச காசுன்னா மேல இருக்கிற நம்பர அந்தக் கம்பெனி சைட்லயே போட்டுப் பாருங்க, டப்பாவையே போலியா பண்றாங்க. என்னைக் கேட்டா முதல் வருஷம் அரசு நாணயச்சாலை ஆன்லைன்ல விக்கிற நினைவு நாணயத்தோட நிறுத்திக்கணும், நாலு ஆலைல எது அடிச்சதுன்னு வருஷத்துக்குக் கீழ பாத்துப் பழகலாம், வைரம்னா மும்பை, நட்சத்திரம்னா ஹைதராபாத், புள்ளின்னா நொய்டா, ஒண்ணுமில்லன்னா கொல்கத்தா. அதுக்கே ஒரு வருஷம் போயிடும்.

கூடலூர் தேயிலை

அண்ணா நீங்க சொல்றது எல்லாம் சரிதான், ஆனா அந்தத் தம்பி அம்மிச்சி காசு பத்தி எழுதியிருக்காரு, நீங்க விலைய பத்தி பேசறீங்க.

எங்க வீட்ல நடந்தது வாங்கினதுல இல்ல, விக்கப் போனதுல. வைஷ்ணோ தேவி போட்ட 2012 அஞ்சு ரூபாய்க்கு 10 லட்சம்னு ஃபேஸ்புக்ல பாத்துட்டு என் தம்பி நம்பர் கொடுத்துட்டான். ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட லெட்டர் வந்துச்சு, தமிழ்ல, அவன் பேர் போட்டு. பதிவுக் கட்டணம் 1,250, அப்புறம் ஜிஎஸ்டின்னு 5,600, அப்புறம் கொரியர் இன்சூரன்ஸ். அம்மா தோட்டத்துல வாங்கின போனஸ் பணம் அது. லெட்டர பிரிண்ட் எடுத்து அம்மா பீரோல புடவைக்கு நடுவுல வச்சிருந்தாங்க, மடங்கக் கூடாதுன்னு. ரிசர்வ் வங்கி இதுல எங்களுக்கு சம்பந்தம் இல்ல, கட்டணம் எதுவும் கேக்கறதில்லன்னு 2021-லயே அறிவிப்பு விட்டிருக்காங்க. பணம் போன உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930 நம்பருக்கு அடிக்கணும்னு போலீஸ்ல சொன்னாங்க, நாங்க போனது பத்தொம்பதாவது நாள். யாருக்காவது நடந்தா அன்னைக்கே அடிங்க.

லவ்டேல் ரயிலடி

நான் ஏமாறல, நல்ல காசுதான் வாங்கினேன், நானே கெடுத்துட்டேன். சென்னைல இருக்கிற ஒருத்தர்கிட்ட செம்பு கால் அணா பதினாறு, எல்லாம் சிவப்பு மாறாதது. மெத்துனு இருக்கிற பிளாஸ்டிக் பாக்கெட் ஆல்பத்துல போட்டு சுவர் அலமாரில வச்சேன். ஜூன்லருந்து நம்ம மலைல துணியே காயாது, உங்களுக்கே தெரியும். செப்டம்பர்ல திறந்தா பச்சையா பிசுபிசுன்னு, விரல்ல ஒட்டுது. அந்த பிவிசி பிளாஸ்டிக்தான் கசிஞ்சிருக்கு. கீழ சமவெளில சேக்கறவங்க சொல்றத அப்படியே கேக்காதீங்க, இங்க மைலார் உறை (பிவிசி இல்லாத பிளாஸ்டிக்), காத்துப் புகாத டப்பா, ஈரத்த உறிஞ்சற சிலிக்கா ஜெல் மூணும் வேணும், ஜெல்ல அடிக்கடி மாத்தணும்.

கோத்தகிரி தம்பிக்கு, தேய்ச்சது திரும்ப வராது, ஆனா இனிமே அதுல எதுவும் போடாதீங்க, புளி, விபூதி, எலுமிச்சம்பழம் எதுவும். காத்துல தானா கொஞ்சம் நிறம் வரும், வருஷக்கணக்குல ஆகும்.

கோத்தகிரி மூடுபனி

அரவங்காடு அண்ணா, விலை விஷயத்துல நீங்க சொன்னது சரி, நான் மறுக்கல. ஆனா அந்த சேலத்துக்காரர கூப்பிடுங்க. நம்பர் இருக்குல்ல. எனக்கு கூப்பிட ஆளே இல்ல.

ரயிலடி அண்ணா சொன்ன மைலார் உறை ஊட்டில ஸ்டேஷனரி கடைல கேட்டேன், இல்ல, கோயம்புத்தூர்லருந்து வரவழைக்கிறேன். அம்மிச்சிகிட்ட நேத்து எல்லாத்தையும் சொல்லிட்டேன், தேய்ச்சா மதிப்பு போயிடும்னும் சொல்லிட்டேன். அவங்க அதுக்கு ஒண்ணும் சொல்லல. காலைல எந்திரிச்சுப் பாத்தா கடுகு டப்பா என் மேஜை மேல இருக்கு. கடுக வேற டப்பாக்கு மாத்திட்டாங்க. காசு அதே துணில, அதே முடிச்சோட உள்ள இருக்கு. நான் இன்னும் பிரிக்கல.