புதுப்பிப்பு: மகளின் ஐக்யூ சோதனையை மறுபடி எடுத்தோம்

பார்வை மிகக் குறைந்த என் மகளுக்கு (3ஆம் வகுப்பு) ஒரு மையத்தில் சோதனை செய்து "அறிவுத்திறன் குறைவு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், நம்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது வேறொரு உளவியலாளரிடம் போய் வந்தாயிற்று.

பழைய அறிக்கையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கட்டைகளை வைத்து வடிவம் அமைக்கச் சொன்னார்களா?" சொன்னார்கள். பார்த்துச் செய்யவேண்டிய பகுதிகளையும் கூட்டித்தான் மொத்த ஐக்யூ போட்டிருக்கிறார்கள். அறிவைச் சோதித்தார்களா, கண்ணையா?

இம்முறை மாலின் (Malin) சோதனையில், அதாவது இந்தியக் குழந்தைகளுக்கான ஐக்யூ சோதனையில், வாய்மொழிப் பகுதி மட்டும். எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதில் வயதுக்கு மேலேயே வந்திருக்கிறாள் (பார்வையற்ற குழந்தைகள் பலர் இதில் கெட்டியாம்). மற்றதெல்லாம் சராசரி. அன்றாட வேலைகளை, பழக்கவழக்கங்களை வயதுக்கேற்பச் செய்கிறாளா என்று பார்க்கும் வைன்லேண்ட் அளவையும் போட்டார். ஆனால் அக்கம்பக்கம் தனியாகப் போய்வருவது மாதிரியான கேள்விகளில் மதிப்பெண் குறைந்தால், அதைப் பார்வைக் குறைவோடு சேர்த்துத்தான் படிக்கவேண்டும் என்றார்.

அப்புறம், மூளைசார்ந்த பார்வைக் குறைபாடா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை, இவளுக்கு விழித்திரையில்தான் பிரச்சினை. மூளைசார்ந்ததாக இருந்தால் நெரிசலான படத்தில் ஒரு பொருளைத் தேடுவது, முகங்களை அடையாளம் காண்பது என்று தனியாகப் பார்ப்பார்களாம்.

புதிய அறிக்கையில் மொத்த ஐக்யூ எண்ணே இல்லை. பள்ளியோ எண்தான் வேண்டும் என்கிறது. அடுத்த வாரம் போய்ப் பேசவேண்டும்.