புதுப் பல்செட்டுடன் அம்மா சாப்பிடச் சிரமப்படுகிறார்

அங் மோ கியோ மகன்:
அம்மாவுக்கு மேலும் கீழும் முழுப் பல்செட் பொருத்தியிருக்கிறோம். கஞ்சியும் இட்லியும்தான் இறங்குகின்றன. சப்பாத்தியைக் கடித்தால் கீழ்ச்செட் எழும்பி நாக்கின்மேல் ஏறிவிடுகிறது. தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கிக் குழம்பு வைத்து எங்களுக்குப் பரிமாறியவர், இப்போது எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தனியாகச் சாப்பிடுகிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செட் சரியில்லையா, பழக வேண்டுமா?

தோ பாயோ பாட்டி:
தம்பி, எழும்புவது வேறு, குத்துவது வேறு. மேல்செட் அண்ணத்தை மூடி எச்சில் ஈரத்தில் பிடித்துக்கொள்ளும். கீழ்ச்செட்டுக்கு அந்தப் பிடி கிடையாது. நாக்கும் கன்னமும் அதை அமர்த்திப் பிடிக்கப் பழக வாரக்கணக்கில் ஆகும். முன்பல்லால் கடித்தால் பின்பக்கம் தூக்கும். ஆகவே சப்பாத்தியைச் சிறிதாகப் பிய்த்துக் குழம்பில் ஊறவைத்து, கடைவாயில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வைத்து மெல்லச் சொல்லுங்கள். நான் இட்லி, இடியாப்பம், நன்றாக வெந்த கோழி என்று படிப்படியாகத்தான் ஏறினேன். மீனில் கவனம் வேண்டும்: அண்ணம் மூடியிருப்பதால் முள்ளும் சூடும் சட்டென்று தெரியாது. தேநீரை உதட்டில் பட்டுப் பார்த்துவிட்டுக் குடிக்கட்டும்.

ஈறு சிவந்து புண்ணாகியிருந்தால் அது பழகிப் போகிற வலி அல்ல. பல் மருத்துவர் செட்டில் அழுத்தும் இடத்தைத் தேய்த்துக் கொடுப்பார். அவரைப் பார்ப்பதற்கு முந்தின நாள் செட்டைப் போட்டிருந்தால்தான் எங்கே அழுத்துகிறது என்பது ஈறில் தெரியும். வீட்டில் யாரும் அரத்தை எடுக்கவே கூடாது.

தனியாகச் சாப்பிடுவதை இப்போதைக்குத் தடுக்காதீர்கள். செட்டைக் கழற்றி, ஒட்டிய பருக்கையை அலம்பி, மறுபடி மாட்ட அவருக்கு யார் கண்ணும் படாத இடம் வேண்டும். மருமகளும் பேரப்பிள்ளைகளும் பார்க்க அதைச் செய்ய எந்தப் பெண்ணுக்கும் கூசும். பிடி கிடைத்ததும் அவரே மேசைக்கு வருவார்.

ஈசூன் ரவி:
இரவில் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். பல் பிடுங்கிய பிறகு தாடை எலும்பு கரையும். அதனால் பின்னாளில் செட் தளரலாம். அப்போது உள்பக்கத்தை மட்டும் புதுப்பித்து இறுக்குவார்கள். சிங்கப்பூர் அரசின் மருத்துவ உதவித் திட்டமான சாஸின் நீல அல்லது ஆரஞ்சு நிற அட்டையோ, மூத்தோருக்கான முன்னோடி அல்லது மெர்டேக்கா தலைமுறை அட்டையோ இருந்தால் பல்செட்டுக்கு மானியம் உண்டு.

அங் மோ கியோ மகன்:
நன்றி. இடது பக்கம் உள்ளே சிவந்திருக்கிறது, மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன். பாட்டி, ஆட்டிறைச்சி எப்போது சாப்பிடலாம் என்று அம்மா உங்களைக் கேட்கச் சொன்னார்.

தோ பாயோ பாட்டி:
புண் ஆறியதும் கொத்துக்கறியில் தொடங்கச் சொல்லுங்கள். கடையிலேயே இரண்டு முறை அரைத்து வாங்கி, குக்கரில் நன்றாக வேகவிட்டு, குழம்பைத் தளரவே வைக்கட்டும். முறுக்கை மட்டும் இப்போது கேட்க வேண்டாம்.