குடும்பக் குழு: பெரியப்பாவின் புதுக் கண்ணாடி

திங்கள்

பெரியப்பா: கண்ணாடி வந்துவிட்டது. போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினால் படிக்கட்டு மேலே எழும்பி வருகிறது. 900 வெள்ளி தண்டம்.

சின்ன அத்தை: அண்ணே, முதலில் படம் போடுங்க. பார்ப்போம்.

பெரியம்மா: படத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறார். நடந்தால்தான் தண்ணி போட்ட ஆள் மாதிரி இருக்கிறது.

அப்பா: அண்ணே, பழையது வாசிக்கிற கண்ணாடி மட்டும்தானே? இது என்ன வகை?

பெரியப்பா: புரோகிரெசிவ். கோடு இல்லாதது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் இது ஒன்றே போதும் என்றார்கள். நேராகப் பார்த்தால் சரி. ஓரக்கண்ணால் பார்த்தால் எல்லாம் நெளிகிறது. பவரைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் போல.

அப்பா: புது மாடல் வாங்கினால் இப்படித்தான்.

நான்: புது மாடலா? பிரான்சில் 1959-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது அப்பா. ஏறக்குறைய உங்கள் வயது.

நான்: பெரியப்பா, இப்போதுதான் எங்கள் கண்ணாடிக் கடையைச் சாத்தினோம். ஓரம் நெளிவது பவர் தப்பில்லை, அந்த லென்ஸின் குணமே அதுதான். மேலே தூரம், நடுவில் கை எட்டும் தூரம், அடியில் வாசிக்க. கோடு போடாமல் பவர் கொஞ்சம் கொஞ்சமாக மாற வேண்டுமென்றால் அந்தக் கசங்கல் எங்காவது ஒதுங்கித்தானே ஆக வேண்டும்? இரண்டு ஓரத்துக்கும் தள்ளி வைத்திருக்கிறார்கள். விலை கூடினால் கசங்கல் குறையும், ஒரேயடியாகப் போகாது.

நான்: பக்கத்தில் பார்க்க கண்ணைத் திருப்பாதீர்கள், மூக்கைத் திருப்புங்கள். படி இறங்கும்போது தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்துங்கள். அப்போது மேல்பாகம் வழியாகக் கால் தெரியும். அடிப்பாகம் 40 செ.மீ. தூரத்தில் பேப்பர் பிடித்து வாசிக்கச் செய்தது, அதன் வழியாகப் படியைப் பார்த்தால் மங்கத்தான் செய்யும்.

அண்ணன்: அப்பா, பழகும்வரை மோட்டார் சைக்கிளைத் தொடாதீங்க. ஜொகூரிலிருந்து ஓடிவர என்னால் முடியாது.

பெரியப்பா: அப்புறம் ஒட்டுக்கடைக்கு எப்படிப் போவதாம்?

பெரியம்மா: நடந்து.

நான்: சிலருக்கு இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும், சிலருக்கு இரண்டு வாரம் பிடிக்கும். பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டால் இழுத்துக்கொண்டே போகும். காலையில் எழுந்ததும் போட்டுவிடுங்கள்.

சின்ன அத்தை: எங்கள் வீட்டுக்காரர் இதே மாதிரி வாங்கி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். இரண்டு கண்ணாடி வைத்துக்கொள்வதே மேல்.

நான்: அதுவும் தப்பில்லை அத்தை. எவ்வளவு முயன்றாலும் பழகாதவர்கள் உண்டு. ஆனால் மாமா எத்தனை நாள் போட்டுப் பார்த்தார்?

சின்ன அத்தை: ஒரு கல்யாணத்துக்கு.

வெள்ளி

பெரியப்பா: நடக்க வந்துவிட்டது. செம்பனை லாரியின் நம்பரை ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே வாசிக்கிறேன். ஆனால் பேப்பர் படிக்க முகத்தை அண்ணாந்து தூக்க வேண்டியிருக்கிறது. கழுத்து வலி தாங்கவில்லை.

நான்: முகத்தை நேராக வைத்து ஒரு படம் அனுப்புங்கள்.

பெரியப்பா: [படம்]

நான்: அதுதானே! பிரேம் மூக்கில் வழுக்கி இறங்கியிருக்கிறது. வாசிக்கிற பாகம் கன்னத்துக்குப் போய்விட்டது, அதனால்தான் முகத்தைத் தூக்குகிறீர்கள். இதைப் பழகிக்கொள்ளக் கூடாது. வாங்கிய கடைக்கே கொண்டுபோங்கள். லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற பொடிக் குறிகள் பொறித்திருக்கும். அதை வைத்துப் பேனாவால் கூட்டல் குறி போடச் சொல்லுங்கள். நேராகப் பார்க்கும்போது அந்தக் கூட்டல் கருமணிக்கு நேரே நிற்க வேண்டும். பிரேமைச் சரிசெய்தும் நிற்காவிட்டால் அளவு எடுத்ததே தப்பு, லென்ஸை மாற்றித் தரச் சொல்லுங்கள். ரசீதை மறக்காதீர்கள்.

சனி

பெரியப்பா: சுங்கை சிப்புட் டவுனுக்குப் போய்வந்தேன். கூட்டல் குறி கண்ணுக்கு ரொம்பக் கீழே நின்றது. கடைப் பையன் மூக்குத் தாங்கியை நெருக்கி, காதுக்குப் பின்னால் காம்பை வளைத்தான். ஏறி உட்கார்ந்துவிட்டது. காசு வாங்கவில்லை. இப்போது மரண அறிவித்தல் பக்கம் வரைக்கும் கழுத்தைத் தூக்காமல் வாசிக்கிறேன்.

பெரியம்மா: எனக்கும் மங்கலாகத்தான் இருக்கிறது. அந்தக் கடையிலேயே ஒன்று செய்துகொள்ளட்டுமா?

நான்: பெரியம்மா, சர்க்கரை எவ்வளவு?

பெரியம்மா: போன தடவை 15 மில்லிமோல், ரொம்பக் கூடுதல். மருந்து மாற்றியிருக்கிறார்கள்.

நான்: அப்படியென்றால் பொறுங்கள். சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் பவரும் கூடவே மாறும். இன்றைக்கு அளவெடுத்துச் செய்தது அடுத்த மாதம் பொருந்தாமல் போகலாம். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து சில வாரம் போகட்டும். ஆனால் விழித்திரையைப் படம் எடுத்துப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள், அது வருடா வருடம் வேண்டும். திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டினாலோ, திரை விழுந்த மாதிரி மறைத்தாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ கண்ணாடிக் கடைக்கு வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரி.

பெரியம்மா: அதுவரை சீரியல் எப்படிப் பார்ப்பது?

அண்ணன்: காதால் கேளுங்கள் அம்மா. அழுகைச் சத்தம்தானே.

பெரியம்மா: உனக்கு வாய் நீளம். வியாழக்கிழமை கிளினிக் தேதி இருக்கிறது. யார் காடியில் கூட்டிப்போவது?

அப்பா: நான் வருகிறேன் அண்ணி. 7 மணிக்கே கிளம்பிவிடுங்கள், நம்பர் எடுக்கணும்.